குகையிலிருந்து அமுதாக்காவைத் தூக்கி வந்த மதியம்

ஸ்டெபிலைசர் 'டொக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். பிறகு சூடேறிய தூசியின் வாசனை மெல்லக் கூடம் முழுக்கப் பரவும். அந்த வாசனை வந்துவிட்டால் திருக்கோகர்ணத்தில் என் பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டர் விழித்துவிட்டது என்று பொருள். சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா, ஒருமுறை ஊருக்கு வந்தபோது பிள்ளைகளின் படிப்புக்கென்று அதை வாங்கிப் பூப்போட்ட உறையும் போட்டு வைத்துவிட்டுப் போனார். அதில் யாரும் எதையும் படித்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்குப் பதின்மூன்று வயதான அந்தக் கோடை விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் அதன் முன்னால் குடியிருந்தோம். பெரியப்பாவின் மகள் அமுதாக்கா பி.எஸ்சி. முடித்துக் கல்யாணத்துக்குக் காத்திருந்தாள். அவள் தம்பி செந்தில் அண்ணன் பத்தாவது எழுதியிருந்தான். பிறகு நான், என் எட்டு வயதுத் தம்பி கார்த்தி. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் செந்தில் அண்ணன் வாங்கி வந்த, மார்க்கர் பேனாவால் பெயர் கிறுக்கிய சிடி ஒன்றில்தான் எங்கள் உலகம் இருந்தது. நான்கு பேர் கூட்டாகப் புறப்பட்டு, மலைக்குகையில் தளம் தளமாக இறங்கி, அடியில் கிடக்கும் பறக்கும் பாம்பைக் கொல்ல வேண்டும் என்பது ஆட்டம். செந்தில் அண்ணன் வாள்வீரன், நான் பூட்டுத் திறக்கும் திருடி, கார்த்தி நெருப்பு வீசும் மந்திரவாதி. அடிபட்டவர்களைக் குணப்படுத்தும் வைத்தியச்சி, அமுதாக்கா. அவள்தான் டிக்‌ஷனரியைப் புரட்டி ஆட்டத்தின் இங்கிலீஷை எங்களுக்குச் சொல்லுவாள்.

விளையாடும் முறையைச் சொல்லும் புத்தகம் எதுவும் அந்த சிடியோடு வரவில்லை. ஆகவே செத்துச் செத்துத்தான் கற்றோம். முதல் இரண்டு வாரம் குகை வாசலைக்கூடத் தாண்டவில்லை, காரணம் எங்கள் பள்ளிக்கூடம். பிரேயரில் குட்டையானவர் முன்னால், நெட்டையானவர் பின்னால் என்று நின்று பழகியவர்கள் அல்லவா, ஆட்டத்திலும் அப்படியே வரிசை கட்டினோம். கவசம்கூட இல்லாத கார்த்தியின் மந்திரவாதி தலைமை தாங்கிப் போய் ஒவ்வொரு எலியிடமும் முதல் கடியை வாங்கிக்கொண்டான். வரிசையை மாற்றியபோது, தன்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று அவன் சாப்பிடாமல் கிடந்தது தனிக்கதை. அடுத்த தவறு, கிடைக்கும் மருந்துப் புட்டிகளை மாம்பழக் கீற்றுபோல ஆளுக்கு ஒன்றாகப் பங்கு வைத்தது. எங்கள் வீட்டில் எதையும் அப்படித்தான் பிரிப்பார்கள், இல்லாவிட்டால் ரகளைதான். ஆனால் முன்னால் நின்று அடி வாங்குகிறவன் மருந்து போதாமல் விழுவான், பின்னால் நிற்கிறவன் புட்டியைத் திறக்காமலே செத்துப்போவான்.

இன்னொரு பாடம் மின்வாரியம் சொல்லிக்கொடுத்தது. தினமும் மாலை நான்கு மணிக்குக் 'கரண்டு' போகும், ஆறு மணிக்குத்தான் வரும். அதற்குள் குகையை விட்டு வெளியேறி, சத்திரத்துக்குப் போய் ஆட்டத்தைச் 'சேவ்' செய்யாவிட்டால் அன்றைய பாடு அவ்வளவும் போயிற்று. அதிலும் ஒரே ஓர் இடத்தில்தான் சேவ் செய்ய முடியும்; புதியது பழையதை அழித்துவிடும்.

அமுதாக்காவின் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. மறுநாள் காலை வாசலில் பந்தக்கால் ஊன்ற வேண்டும். அதன் பிறகு கூடத்தில் பாத்திரமும் பலகாரமும் நிறைந்துவிடும், கம்ப்யூட்டர் பரணுக்குப் போய்விடும். அந்த அவசரத்தில் மூன்றாம் தளம் வரை இறங்கிவிட்டோம். எலும்புக்கூடுகள் சூழ்ந்துகொண்டன. எங்களைக் குணப்படுத்தியபடியே அமுதாக்கா விழுந்தாள். மவுஸ் என் கையில் இருந்தது. மணி நான்காகப் போகிறது என்ற பதற்றத்தில் 'ஓடு' என்பதை அமுக்கினேன். மற்ற மூவரும் தப்பி வெளியே வந்தோம். யோசிக்காமல் சேவும் செய்துவிட்டேன். திரையின் ஓரத்தில் அவள் முகம் இருந்த கட்டத்தில் இப்போது ஒரு கல்லறைக் கல் நின்றது. அதன் கீழே ஆங்கில எழுத்துகளில் அமுதா என்று இருந்தது, ஏனென்றால் எல்லோருக்கும் எங்கள் சொந்தப் பெயரையே வைத்திருந்தோம்.

"என்னைய விட்டுட்டு ஓடிட்டியேடி" என்று அமுதாக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பந்தக்கால் ஊன்றி, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, பரணுக்குப் போகுமுன் கடைசியாக ஒரு தரம் என்று கெஞ்சித் திறந்தோம். மஞ்சள் தட்டோடு கூடத்தைக் கடந்த பெரியம்மா நின்றுவிட்டார். எட்டாவது வரை படித்தவர். மகள் பெயரை எந்த எழுத்தில் எழுதினாலும் வாசித்துவிடுவார்.

"இது என்னடி கல்லு? எம் புள்ள பேரு எதுக்கு அதுல கெடக்கு?"

நாங்கள் வாயைத் திறக்குமுன் கார்த்தி சொல்லிவிட்டான். "அக்கா செத்துப்போச்சு பெரியம்மா."

தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். அடி விழும் என்று நினைத்தேன். "எழுப்ப முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

குகைக்குள் போய் உடலைத் தூக்கி வந்து ஊர்க் கோயில் பூசாரியிடம் சேர்த்தால் எழுப்பிவிடுவார் என்று செந்தில் அண்ணன் சொன்னான்.

"அப்பப் போங்க. எம் புள்ள எந்திரிக்காம ஒருத்தரும் இங்கிட்டு அங்கிட்டு நகரக் கூடாது."

"அம்மா, அது வெளையாட்டும்மா" என்றாள் அமுதாக்கா.

"நீ பேசாம இரு. நீ செத்துக் கெடக்க."

மணி இரண்டே கால். வைத்தியச்சி இல்லாமல் மூன்று பேர் இறங்கினோம். மருந்தெல்லாம் செந்தில் அண்ணனுக்கே என்று முடிவானபோது கார்த்தி தன் பங்கைத் தர மறுத்தான். "குடுத்துர்றா ராசா, ஒனக்குப் பணியாரம் சுட்டுத் தாரேன்" என்று பெரியம்மா அவன் தலையைத் தடவினார். புட்டி கை மாறியது. மூன்றாம் தளத்து மூலையில் அவள் உடல் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது மறுபடி எலும்புக்கூடுகள். செந்தில் அண்ணனின் உயிர்க்கோடு நூலாக இளைத்தது. நேற்று அமுக்கிய அதே பொத்தானின் மேல் என் விரல் நின்றது. ஓடினால் தூக்கிய உடல் விழுந்துவிடுமோ என்று எங்களுக்குத் தெரியாது. அமுக்கவில்லை. "நெருப்பு, நெருப்பு" என்று கார்த்தி கத்தினான். அவனிடம் மிச்சமிருந்த ஒரே மந்திரத்தை வீசினோம். எரிந்து விழுந்தன. "விராலிமலையானே, படியேறி வந்துர்றேன்" என்று முருகனை வேண்டும் பெரியம்மாவின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

நான்கு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தபோது பூசாரி கையைத் தூக்கினார். கல் மறைந்து அவள் முகம் வந்தது. சத்திரத்துக்கு ஓடி 'சேவ்' அமுக்கினேன். அமுக்கிய அதே கணம் கரண்டு போயிற்று. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

பதிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. சொன்ன சொல் தவறாமல் பெரியம்மா பணியாரம் சுட்டார், யாரும் தொடவில்லை. நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். ஓடியது நான், சேவ் செய்தது நான். ஆறு மணிக்கு ஸ்டெபிலைசர் 'டொக்' என்றது. ஐந்து பேரும் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். அமுதாக்கா இருந்தாள். பெரியம்மா திருநீறு எடுத்து வந்து முதலில் திரையில் இருந்த மகளுக்கு, பிறகு கூடத்தில் இருந்த மகளுக்கு, பிறகு எங்களுக்குப் பூசிவிட்டார்.

கல்யாணம் முடிந்த வாரமே எங்களையும் கூட்டிக்கொண்டு விராலிமலைப் படியேறினார். என்ன வேண்டுதல் என்று புதுமாப்பிள்ளை கேட்டார். "அது பொம்பளைங்க சமாச்சாரம் தம்பி" என்று பெரியம்மா மேலே நடந்தார். அந்தப் பாம்பை நாங்கள் கொல்லவேயில்லை; பரணிலிருந்து இறங்கிய கம்ப்யூட்டர் அதன்பின் உயிர் பெறவில்லை.

போன மாதம் அமுதாக்கா வீட்டுக்குத் திருச்சிக்குப் போயிருந்தேன். அவள் மகள் அதேபோல் ஓர் ஆட்டத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, "சித்தி, நீங்க இதுல எக்ஸ்பர்ட்டாமே, டிப்ஸ் சொல்லுங்க" என்றாள். வரிசையைப் பற்றிச் சொன்னேன், மருந்தைப் பற்றிச் சொன்னேன். முக்கியமானதாக, சொந்தக்காரர் பெயரை மட்டும் யாருக்கும் வைத்துவிடாதே என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் வைத்தியச்சியின் பெயரைப் பார்த்தேன். சௌந்தரம். இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோன என் பெரியம்மாவின் பெயர்.

"அம்மாச்சி பேரு. நல்லாருக்கா?" என்றாள். என் முகத்தைப் பார்த்து அவளே சொன்னாள்: "பயப்படாதீங்க சித்தி. இதுல யாரும் சாக மாட்டாங்க. மயக்கம் போடுவாங்க, சண்டை முடிஞ்சதும் தானா எந்திரிச்சுருவாங்க."

இப்போது கல்லறைக் கல்லும் இல்லை, குகைக்குள் திரும்பிப் போய்த் தூக்கி வருகிற வேலையும் இல்லை. இருந்தாலும் இருப்பதிலேயே நல்ல கவசத்தைச் சௌந்தரத்துக்கே மாட்டச் சொன்னேன். முன்னால் நிற்கிற வீரனுக்கு என்ன செய்வது என்று பிள்ளை கேட்டாள். அவன் கொஞ்சம் அடி வாங்கட்டும் என்றேன்.