வேலியோரத்து பிளாக்பெரி

மில்லிக்கனில் எங்கள் வீட்டுக் குசினியில் என் மகள் பிளாக்பெரிப் பழப் பெட்டியைத் திறந்தாள். அந்தப் புளிப்பு வாசனை வந்ததும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அப்போது நாங்கள் இங்கிலாந்தில் இருந்தோம். அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. ஓகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிறு, மாமாவின் காரில் நாட்டுப்புறம் போனோம். கோதுமை வெட்டிய வயல்களுக்கு நடுவே ஒரு நடைபாதை. அதன் வேலி முழுக்கக் கறுத்துப் பழுத்த பழங்கள். அம்மா பழத்தைப் பறித்து, வெள்ளரிக்காய்க்கென்று கொண்டுவந்த உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு எனக்குத் தந்தாள்.

முன்னால் நடந்த அப்பா திரும்பி வந்தார். "ஆரோ ஒராளின்ரை தோட்டம் இது. கேஸ் முடியுமட்டும் ஒண்டிலையும் கைவைக்காதேங்கோ."

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நாயோடு வந்தார். நானும் அம்மாவும் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தோம். அப்பா "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டார். கிழவர் சிரித்துவிட்டு, ஊன்றுகோலின் வளைவால் உயரத்துக் கொப்பொன்றைக் கீழே இழுத்து, நாங்கள் பறித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா மட்டும் நெஞ்சில் கையை வைத்தபடி ஒதுங்கியே நின்றார்.

காரில் ஏறியதும் அம்மா சொன்னாள், "இஞ்சேருங்கோ, உங்கட பொக்கற்றைப் பாருங்கோ."

வெள்ளைச் சட்டைப் பொக்கற்றின் அடியில் ஊதா நிறம் ஊறியிருந்தது. முன்னால் போனபோதே பறித்துப் போட்டிருக்கிறார்.

இப்போது இந்த நாட்டில் குடியுரிமை கிடைத்து எத்தனையோ வருடமாகிவிட்டது. பேத்தி நீட்டிய பழத்தை அப்பா வாங்கினார். வாயில் போடுவதற்கு முன் என்னைப் பார்த்தார்.

"உது கடையிலை வாங்கினதுதானே, பிள்ளை?"