இரண்டாவது சடை

அம்மாவின் நோயைப் பற்றி ஐந்தாம் வகுப்பில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு எண்தான். பெரிய ரத்தக்குழாய்களின் சுவர் வீங்கி, உள்ளே வழி குறுகிப்போகிறது என்று புதுச்சேரி டாக்டர் சொன்னது அப்பாவுக்கே பாதிதான் புரிந்தது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் வரும் ஈ.எஸ்.ஆர். என்ற எண் அவருக்கு நன்றாகவே புரிந்தது. வீக்கம் இருந்தால் ஏறும், அடங்கினால் இறங்கும். மாதம் ஒருமுறை திண்டிவனம் லேபில் அம்மா ரத்தம் கொடுப்பாள். அப்பா ரிப்போர்ட்டை வாங்கிவந்து, பெருமுக்கல்லில் எங்கள் வீட்டுக் காலண்டரில் அந்த எண்ணை எழுதி வட்டம் போடுவார். எண்பத்து நான்கு என்று வந்த மாதம் அவர் மல்லாட்டைக் கொல்லைக்குக் கடலை பிடுங்கக்கூடப் போகவில்லை. என் பரீட்சை மார்க்கைக்கூட அவர் அவ்வளவு கவலையோடு பார்த்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் சௌகரியமும் இருந்தது.

மாத்திரையில் அம்மாவின் முகம் ஊதியது, எண் மளமளவென்று இறங்கியது. பதினெட்டு வந்த அன்று அப்பா தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். ஈ.எஸ்.ஆர். என்றால் என்னவென்று தெரியாதவர்களும் சந்தோஷப்பட்டார்கள்.

எனக்கு மட்டும் முழுச் சந்தோஷம் வரவில்லை. பள்ளிக்கு இரட்டைச் சடை கட்டாயம். அம்மா முதல் சடையை இறுக்கமாகப் பின்னிவிடுவாள். இரண்டாவதில் பாதி போவதற்குள் அவள் இடது கை தானாக இறங்கிவிடும். கையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு மறுபடி தொடங்குவாள். ஒருநாள் நான் திரும்பிப் பார்த்தேன்.

"கை ஓஞ்சி போவுது, அவ்ளோதான். அப்பாகிட்ட சொல்லிடாத. நம்பர் இறங்கினப்புறம் இப்பதான் மனுசன் நிம்மதியா சாப்புட்டுக்கினு இருக்காரு."

நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு நாள் காலையும் சீப்பை எடுக்கவே பயமாக இருந்தது. அந்த இரண்டாவது சடை நாளுக்கு நாள் தொளதொளத்தது. டீச்சர் அதைத் தூக்கிக் காட்டி வகுப்பையே சிரிக்கவைத்த அன்று, சடையே இல்லாவிட்டால் அம்மாவின் கைக்கு வேலை இருக்காதே என்று தோன்றியது. அம்மாவுக்கு நம்பர் இறங்கினால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன் என்று அப்பாவிடம் துணிந்து ஒரு பொய் சொன்னேன். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமையே குலதெய்வக் கோயிலில் என் முடி இறங்கியது. சந்தனம் பூசிய தலையோடு ஊரில் எனக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த இரண்டு மாதமும் காலண்டரில் நல்ல எண்களே வந்தன. மூன்றாவது மாதம், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா தலைசுற்றி விழுந்தாள்.

புதுச்சேரியில் டாக்டர் வலது கையில் பிரஷர் பார்த்தார். இடது கையில் பார்த்தபோது கருவியில் ஒன்றுமே தெரியவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்து வெகுநேரம் தேடினார். அந்தக் கையில் இன்றைக்கும் நாடி கிடைக்காது. அப்பா கடைசி மூன்று மாத ரிப்போர்ட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்து, எல்லாம் நார்மல்தானே என்று கேட்டார்.

நம்பர் அடங்கினாலும் உள்ளே நோய் ஓடிக்கொண்டிருக்கலாம், அதனால்தான் முதல் தடவை வந்தபோதே கையைக் கவனிக்கச் சொன்னேன் என்றார் டாக்டர். பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

"பொண்ணுக்குத் தலை பின்றப்ப கை சோர்ந்து போயிருக்குமே, வீட்டுல யாரும் பாக்கலையா?"

"பின்றதுக்கு முடி எங்கங்க இருக்குது? அம்மாவுக்கு நல்லாவணும்னு மொட்டை போட்டுக்கிச்சுங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என் தலையையே பார்த்தார். நல்ல பிள்ளை என்று சொல்லப்போகிறார் என நினைத்து, நான் நன்றாகத் தெரியும்படி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.