அத்தை ஏறினால் திக்கும் வண்டி

எங்கள் பிக்கப் வண்டிக்கு அத்தையைப் பிடிக்காது என்று சிறுவயதில் சில மாதங்கள் நான் உறுதியாக நம்பியிருந்தேன். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. அப்பா தனியாக ஓட்டினால் வண்டி நன்றாக ஓடும். நான் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஓடும். அத்தை ஏறி உட்கார்ந்து, ஊர் எல்லை தாண்டி, முதல் பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் எஞ்சின் திக்கத் தொடங்கும். இன்று ஒரு தொழிற்சாலையில் எஞ்சின்களைச் சோதிப்பது என் வேலை. இப்படியொரு கோளாறை யாராவது வந்து சொன்னால், நானும் முதலில் அத்தையைத்தான் சந்தேகப்படுவேன்.

அப்பா மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் பிச்சியும் மல்லியும் ஏற்றிக்கொண்டு சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் போவார். சந்தையில் இறக்கியபின் என்னைப் பள்ளிக்கூடத்திலும் அத்தையைத் தையல் கம்பெனியிலும் விடுவார். அத்தை அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரேயொரு பெட்டியோடு திரும்பி வந்து எங்களோடு இருந்தாள். பருத்த உடம்பு, அவள் சிரித்தால் சீட்டும் சேர்ந்து குலுங்கும். அவள் மடியில்தான் நான் உட்கார்ந்து போவேன்.

ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிப் பூவுக்குக் கிராக்கி ஏறியிருந்த சமயத்தில் திக்கல் ஆரம்பித்தது. முதலில் அது வேடிக்கையாகவே இருந்தது.

"ஏட்டி, நீ ஏறுனாலே வண்டிக்கு விக்கல் எடுக்குது," என்றார் அப்பா.

"ஓட்டத் தெரியாம ஓட்டிக்கிட்டு என்னையச் சொல்லுதியாக்கும்?" என்றாள் அத்தை.

ராஜபாளையம் சாலையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அப்பா அவரை அண்ணாச்சி என்பார். அண்ணாச்சி தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். கோளாறு எதுவும் தெரியவில்லை. ஸ்கேனரைச் செருகியதில் இரண்டாவது சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விட்டுவிடுகிறது என்று காட்டியது. பிளக்கை மாற்றினார். பிறகு காயில். பிறகு பெட்ரோல் ஃபில்டர். ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு அவரே தனியாக ஓட்டிப் பார்ப்பார், வண்டி சமர்த்தாக ஓடும். மறுநாள் காலையில் அத்தை ஏறுவாள்.

"எங்கிட்ட நல்லாத்தான்வே ஓடுது. ஒங்க வீட்லதான் என்னமோ இருக்கு," என்று அண்ணாச்சி ஒருநாள் சலித்துக்கொண்டார். எதையும் மனதில் வைத்து அவர் அதைச் சொல்லவில்லை. கூட வந்திருந்த பெரியப்பா அதை மனதில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சில நாட்களில் வண்டி பாதி வழியில் நின்றேவிட்டது. பூ போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்திருந்தது. தோட்டக்காரர்கள் வேறு வண்டி பார்க்கப்போவதாகச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அவ போன எடமும் வெளங்கல. இப்பம் ஒன் பொழப்பும் போகணுமால?" என்று அப்பாவைக் கேட்டார். அத்தை அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். கல்லில் கரண்டி உரசும் சத்தம் நின்றது. அப்பா எழுந்துபோய் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார். அம்மா பெரியப்பாவுக்குத் தட்டை எடுத்து வைத்தாள்.

மறுநாள் அத்தை பஸ்ஸில் போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஏன் போகிறாய் என்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வண்டி ஒருமுறைகூடத் திக்கவில்லை. இதைவிட நல்ல நிரூபணம் வேண்டுமா? பெரியப்பா பார்க்கும்போதெல்லாம், "இப்பம் எப்படி ஓடுது?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தலையாட்டிக்கொள்வார். நான் முன்சீட்டில் தனியாகக் காலை நீட்டிக்கொண்டு போனேன். பிள்ளைதான் ராசிக்காரி என்றார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. வாசலில் அப்பா வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டால் அத்தை எங்கிருந்தாலும் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. சந்தையிலிருந்து திரும்பும்போது அப்பா மாட்டுக்குப் பருத்திக்கொட்டை மூட்டை ஒன்று வாங்கினார். பின்னால் போட்டால் நனையும் என்று அதை முன்சீட்டில் நிறுத்தி, என்னைத் தனக்கும் மூட்டைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். சங்கரன்கோவிலைத் தாண்டி முதல் பள்ளத்தில் வண்டி இறங்கியது. திக்கியது.

அப்பா ஓரமாக நிறுத்தினார். மூட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை இறக்கி ஒரு மூடிய கடையின் வாசலில் வைத்துவிட்டு, அதே பள்ளத்தில் வண்டியை விட்டார். திக்கவில்லை. திரும்பி வந்து மூட்டையை ஏற்றினார். திக்கியது. இன்று நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதும் அதைத்தான்: மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

அந்த வண்டியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருந்தது. நேரே பட்டறைக்குப் போனோம். பிளக் மாற்றியபோதெல்லாம் எஞ்சினை மட்டுமே பார்த்திருந்த அண்ணாச்சி, இந்தமுறை தூக்கிய சீட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். சீட்டைத் தாங்கவேண்டிய ரப்பர்க் கட்டை ஒன்று கழன்று விழுந்திருந்தது. கனம் ஏறினால் சீட்டின் இரும்புச் சட்டம் கீழே இறங்கி, இரண்டாவது சிலிண்டருக்குப் போகும் வயரை அழுத்தும். அங்கே வயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. குலுங்கும்போது செம்பு இரும்பில் படும், எஞ்சின் திக்கும். என் எடைக்குச் சட்டம் அந்த அளவுக்கு இறங்காது.

"அடச்சே, இம்புட்டுத்தானா!" அண்ணாச்சி வயரை மாற்றி, எட்டத் தள்ளிக் கட்டி, புது ரப்பர் வைத்தார். "போவும்வே. இனி யானையக்கூட ஏத்தலாம்."

அப்பா நனைந்த சட்டையோடு வீட்டுக்குள் ஓடாத குறையாக வந்தார். "ஏட்டி, ஒம்மேல ஒண்ணுமில்லட்டி! மூட்டைய வச்சாலும் திக்குது! வயருதான் காரணம்!"

அத்தை காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா சொன்னது முழுவதையும் கேட்டாள். "நல்லது," என்றாள். கையிலிருந்த பாவாடையை மடித்து வைத்துவிட்டு, "மூட்டைய ஏத்தி எறக்கிப் பாத்த மாதிரி, அப்பமே ஒரு நா மதினிய உக்கார வச்சிப் பாத்திருக்கலாம்லாண்ணே?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அம்மா கதவருகில் நின்றாள். அப்பா ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

மறுநாள் காலையில் அப்பா பஸ் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, எட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுட்டி."

"நீ போண்ணே. பூ வாடிரும்."

அதற்கு மறுநாளும் நிறுத்தினார். நான் தலையை வெளியே நீட்டி, "அத்தே, இப்பம் திக்காது! யானையக்கூட ஏத்தலாமாம்!" என்று கத்தினேன். அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். "தெரியும் மக்கா," என்றாள். பஸ் வந்ததும் அதில் ஏறிக்கொண்டாள்.

அப்பா சரியாக விளக்கிச் சொல்லவில்லை, அதனால்தான் அத்தை இன்னும் பயப்படுகிறாள் என்று நான் முடிவு செய்தேன். அன்று சாயங்காலம் ஒரு தாளில் சீட்டையும் ரப்பரையும் வயரையும் வரைந்து, தோல் உரிந்த இடத்துக்குச் சிவப்பில் ஓர் அம்புக்குறி போட்டு, அத்தை வந்ததும் பார்க்கட்டும் என்று அவளுடைய தையல் டப்பாவின் மேல் வைத்தேன்.