பூனை காண வந்த பிள்ளைகள்

ஒன்றாம் வகுப்பு வாத்தியார்களுக்கு ஜூன் மாதம் திறப்பது பள்ளியல்ல, பிள்ளை பிடிக்கிற சந்தை. என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பாறசாலைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். பிள்ளைகள் எல்லாம் வேன் வைத்த இங்கிலீஷ் மீடியத்துக்கு ஏறிப்போக, என் வகுப்பில் தலை குறைந்துகொண்டே வந்தது. கல்வி ஆபீசர் வந்து எண்ணும்போது கணக்குக்கு ஒரு தலை குறைந்தாலும் வகுப்பை மூடிவிடுவார்கள். என்னை எந்த மலையோரத்துக்குத் தூக்கி அடிப்பார்களோ, அதுவரை சம்பளமும் கிடையாது. அப்போதுதான் கல்ஃபில் இருந்த பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தார். ஹெட்மாஸ்டர் அதை நேரே என் வகுப்பில் கொண்டுவைத்து, "இதுல பூனை டான்ஸ் ஆடும். பிள்ளைய தானா வரும்" என்றார்.

இரண்டு பிரார்த்தனை

திறப்பு விழாவில் ஹெட்மாஸ்டர் தேங்காய் உடைத்துச் சந்தனம் வைத்தார். பக்கத்து மிஷன் சபைப் போதகர் கண்ணை மூடி நீளமாக ஜெபித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாரும் பயபக்தியோடு நிற்க, நான் சுவிட்சைப் போட்டேன். கரண்ட் இல்லை. போதகர் ஹெட்மாஸ்டரிடம் மெதுவாகச் சொன்னார்:

"நம்ம ரெண்டு பேரும் சொல்லவேண்டியதச் சொல்லியாச்சு. இனி லைன்மேன் மனசு வைக்கணும்."

மஷித்தண்டு

மதிலோரம் முளைக்கிற, ஒடித்தால் தண்ணீர் விடுகிற மஷித்தண்டுதான் எங்கள் பிள்ளைகளுக்குச் சிலேட்டு அழிப்பான். திரையில் பெரிதாக ஒரு 'அ' போட்டுக் காட்டி, "அடுத்தது ஆ" என்று நான் திரும்புவதற்குள் ஷிஜி எழும்பிப் போய் அதை மஷித்தண்டால் தேய்க்க ஆரம்பித்தாள். அழியவில்லை. அவளுக்கு உதவியாக வகுப்பே தண்டும் கையுமாக வரிசை கட்டிவிட்டது. தண்ணீர் வழிவதைப் பார்த்து நான் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். 'அ' காணாமல் போனது. எங்கள் பக்கம் பெண் வாத்தியாரும் சார்தான். ஷிஜி இடுப்பில் கைவைத்தாள்:

"வயர வலிச்சாத்தான் அழியுமா? அத முதல்லயே சொல்லப்பிடாதா சாரே."

தலை எண்ணும் நாள்

ஆபீசர் வந்த காலையில் பெஞ்செல்லாம் நிறைந்து வழிந்தது. பாதி முகம் எனக்கே தெரியாது. ஹெட்மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். எண்ணி முடித்த ஆபீசர், முன்பெஞ்சுப் பயலிடம் சும்மா பேர் கேட்டார். அவன் பேரோடு ஊர்க்கதையையும் சொல்லிவிட்டான்: "நாங்க இங்கிலீஷ் மீடியமாக்கும். எங்க ஸ்கூல் தொறக்கல்ல, பூனை காண வந்தோம்." வந்த விருந்தாளிகளைக் கழித்துவிட்டு எண்ணினால் ஒரு தலை குறைவு. ஆபீசர் பேனாவை மூடினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். 

அந்த நேரம் பார்த்து அந்தப் பயலின் அம்மா அவனைத் தேடி வந்தாள். "எலே, வீட்டுக்கு வா" என்று இழுத்தாள். அவன் மௌஸை விடாமல் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிடித்த கையை விட்டாள்:

"கொண்டுபோனா நீங்க ரெண்டு பேரும் அழுவிய. எனக்கு வீட்ல சோலி உண்டு, இவன இங்கயே சேத்துக்கிடுங்க சாரே."

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு பிள்ளைக்கும் ஒரு எழுத்தைக்கூடக் கற்றுக்கொடுக்கவில்லை, ஆனால் அந்த வருஷம் எனக்குச் சம்பளம் வாங்கிக்கொடுத்தது அதுதான்.