கரையில் ஒருவர் சாப்பிட வேண்டும்

போன வாரம் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சரசக்காவின் பெயரைப் பார்த்ததும், நல்ல இறால் வந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொண்டு போ என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "உங்க அண்ணன் போயிட்டாரு தங்கச்சி" என்றார். குரல் உடையவில்லை. மரணச் செய்தி கேட்டால் முஸ்லிம்கள் நாங்கள் சொல்கிற வார்த்தைகளைச் சொன்னேன். நான் கேட்காததற்கு அவரே பதில் சொன்னார். "நாஷ்டா துன்னுட்டுத்தான் போனாரு. இட்லியும் நேத்து வெச்ச மீன் கொழம்பும். அப்டியே நாற்காலில சாஞ்சாரு. மாத்திரை குடுக்கலாம்னு எழுப்பறேன், எழுந்துக்கல."

ஈரத்துணி கையில் இருக்க, எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு. எழுதவே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சரசக்காவின் கணவர் தாமோதரன் அண்ணனோடு பழவேற்காட்டு ஏரியில் நீந்தியவர்களும், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைச் சாலையில் ஓடியவர்களும் இதைப் படிக்கப் போகிறீர்கள். உங்களுக்குப் புரியும். அவரைத் தெரியாதவர்களுக்கு, அந்த மூச்சு ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

அண்ணன் ஏரிக்கரைக் குப்பத்தில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். படகைவிட்டு இரும்பு ஆலைக்குப் போய், கிரேன் ஓட்டி, பணி முடிந்து ஓய்வு பெற்றார். வேலைக்குத் தினமும் சைக்கிளில்தான் வருவார். என் கணவர் ரசாயன ஆலை ஒன்றில் ஷிப்டு பார்ப்பவர். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னதும் அவரும் ஒரு சைக்கிள் வாங்கினார். ரயில்வே கேட்டில் காத்து நின்ற இரண்டு சைக்கிள்களும் நட்பாயின. "இன்னா பாய், வண்டி நல்லாக்குது, நீ தான் மூச்சு வாங்கற" என்பதுதான் அண்ணன் அவரிடம் பேசிய முதல் பேச்சு. இதை என் கணவர் இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வுக்குப் பிறகு அண்ணனுக்கு ஓர் ஆசை பிடித்தது. நெடுந்தூர டிரையத்லான். கடலில் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீச்சல், கரையேறி நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், குறித்த நேரத்துக்குள். ஏரியிலேயே வளர்ந்தவருக்கு நீச்சல் ஒரு பொருட்டில்லை. முதல் இரண்டு முறையும் பாதி வயதுப் பையன்களுக்கு முன்னால் கரையேறினார். ஆனால் வயிறு கவிழ்த்துவிட்டது. முதல் முறை சைக்கிளிலேயே வாந்தி. அடுத்த முறை ஓட்டம் வரை வந்து சுருண்டுவிட்டார்; கூடாரத்தில் படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஊர் திரும்பியதும் சரசக்கா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தபா. ஒரே தபா. அப்பவும் வாந்தி எடுத்துக்கினு வந்தா, அந்த சைக்கிள எடுத்து ஏரில வுட்டுருவேன்."

அக்கா சொன்னால் செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கு இந்தப் போட்டி விளையாட்டு மட்டும் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். "ஆயுசெல்லாம் மேல உக்காந்து கீழ இருக்கறத தூக்கி வெச்சேன் தங்கச்சி. என்னை நானே ஒரு தபா தூக்கிப் பாக்கணும்" என்று ஒருநாள் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் என் கணவர் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து, "எண்ணெய் எத்தனை கரண்டி ஊத்தினோம்னு எழுதி வெக்கிற பொம்பள இவ. உன் வயித்த இவகிட்ட குடு" என்றார். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவள். ஓடுகிறவர்கள் எப்போது என்ன சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் போனில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டதுதான். படித்தபோது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை, குடும்பக் கணக்கு மாதிரிதான் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு செலவாகிறது, குடல் இவ்வளவுதான் வரவு வைக்கும், வியர்வையில் உப்பு போகிறது, அதைத் தனியாக ஈடுகட்ட வேண்டும். பசிக்கிறது என்று தெரியும்போது ஏற்கெனவே கடன் ஏறியிருக்கும். பிறகு எவ்வளவு கொட்டினாலும் வயிறு வாங்காது.

அண்ணன் செய்தது அதைத்தான். நீச்சலுக்கு முன்னால் ஒன்றும் சாப்பிடமாட்டார். சைக்கிளில் பாதித் தூரம் வெறும் தண்ணீர். கண் இருட்டிக்கொண்டு வந்ததும், பாக்கெட்டில் விற்கிற அந்த இனிப்புப் பசையை மூன்று நான்காகப் பிழிந்துவிட்டுக்கொள்வார். ரமலானின் முதல் நாட்களில் நோன்பு திறந்ததும் அள்ளி விழுங்குகிறவர்கள் படும் பாட்டை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். பேரீச்சம்பழமும் தண்ணீரும், பிறகு கஞ்சி, மெதுவாக என்றால் ஒன்றும் ஆகாது. பத்து நோன்பு போனால் வயிறே அந்த ஒழுங்குக்கு வந்துவிடும். வயிறும் பழகும் என்பதை நான் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை.

அதனால் கஞ்சியிலேயே தொடங்கினேன். தேங்காய்ப்பாலும் மசாலாவும் இல்லாமல், பச்சரிசியைக் குழைய வேகவைத்து வடிகட்டி, வெல்லமும் உப்பும் போட்டு, சைக்கிள் பாட்டிலில் ஊற்றிக்கொடுத்தேன். சித்திரை வெயில். சோழவரம் ஏரிக்கரை வரை போய்த் திரும்புகிற பயிற்சி. வழியில் அண்ணன் பாட்டிலைத் திறந்ததும் கஞ்சி பொங்கி முகம், சட்டை, கண்ணாடி எல்லாம் அபிஷேகம். வெல்லமும் வெயிலும் சேர்ந்து அதைப் புளிக்கவைத்துவிட்டன. வீட்டு வாசலில் வந்து நின்று, "தங்கச்சி, இது கஞ்சி இல்ல, கள்ளு. பாய்க்கு குடுத்துறாத, நீ தொழுவுற வூடு" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து பாட்டிலை ராத்திரியே உறையவைத்துக் கொடுத்தேன். உருக உருகக் குடித்தார்.

பயிற்சியில் எல்லாம் சரியாகத்தான் போனது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். கஞ்சி, கொட்டை எடுத்த பேரீச்சை, உப்புப் போட்டுப் பிசைந்த சிறு சோற்றுருண்டை, வாழைப்பழம். சவாரிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து எவ்வளவு குடிக்க வேண்டும் என்று கண்டுபிடித்தோம். என் கணவரோடு தனியாகப் போகிற நாட்களில் ஒன்றுகூட மிச்சம் வராது. ஆனால் சரசக்கா கரையில் நிற்கிற நாட்களில் மட்டும் பாட்டில் பாதி அப்படியே திரும்பி வந்தது. எனக்கு இது பிடிபடவில்லை.

ஒருநாள் நானும் அக்காவோடு ஏரிக்கரைக்குப் போனேன். அண்ணன் நீந்திவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். வெயில் உச்சிக்கு வந்தது. கொண்டுபோன புளிசாதத்தை நீட்டினேன். அக்கா வேண்டாம் என்றார். "அவரு கரை ஏறட்டும்" என்றார். நீந்திக் கரையேறித்தான் இரண்டு மணி நேரம் ஆகிறதே என்றேன். "வூட்டுக்கு வந்து சேர்ந்தாதான் கரை" என்றார். பிறகுதான் விஷயம் வெளியில் வந்தது. ஆண் ஏரியில் இருக்கும்போது வீட்டுப் பெண் வாயில் சோறு வைத்தால் வலை காலியாக வரும் என்று மாமியார் சொல்லிக்கொடுத்த பழக்கம். அண்ணன் கிரேனில் ஏறின நாளிலிருந்து அது ஆலைக்கும் ஒட்டிக்கொண்டது. இரண்டு போட்டியிலும் விடியலுக்கு முன்னாலிருந்து இருட்டும்வரை, அந்நிய ஊர்ச் சாலை ஓரத்தில் அக்கா பச்சைத் தண்ணீரோடு நின்றிருக்கிறார்.

அண்ணனிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு டவலால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒவ்வொரு சுத்துலயும் அவ மூஞ்சியப் பாக்கறேன். காஞ்சி போய் நின்னுக்கினு இருப்பா. எனக்கு எப்டி தங்கச்சி எறங்கும்?"

நான் படித்த எதிலும் இது இல்லை.

அக்காவிடம் பேசுவது சுலபமாக இல்லை. இன்னொருத்தர் விரதத்தை விடச் சொல்கிற உரிமை எனக்கு இல்லை என்று நன்றாகத் தெரியும். எங்கள் மார்க்கத்தில் இருப்பதை மட்டும் சொன்னேன். பயணத்தில் இருப்பவர் நோன்பை விடலாம், பிறகு வைத்துக்கொள்ளலாம். கஷ்டப்படுத்துவதற்காக அல்லாஹ் அதைக் கொடுக்கவில்லை. அண்ணனும் அன்று பயணத்தில் இருப்பார், நீங்களும்தான் என்றேன். அக்கா கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் கழித்து வந்தார். "கங்கையம்மன்கிட்ட பூ கேட்டேன். வலப்பக்கம் வுழுந்துச்சு" என்றார். வலப்பக்கம் பூ விழுந்தால் அம்மன் சம்மதம் என்று அர்த்தம்.

போட்டி வேறு மாநிலத்துக் கடற்கரை ஊரில். ரயிலில் போனோம். முந்தின நாள் அண்ணனுக்குக் கீரை, பருப்பு, காரம் ஒன்றும் இல்லை. வெள்ளைச் சோறும் மோரும்தான். "பத்தியம் போட்டு கொல்றா உன் பெண்டாட்டி" என்று என் கணவரிடம் புலம்பிக்கொண்டே சாப்பிட்டார். போட்டி விதிப்படி வெளியாள் யாரும் ஓடுபவர் கையில் எதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வெளியேற்றிவிடுவார்கள். அவரவர் உணவை அவரவரே சுமக்க வேண்டும், அல்லது முன்கூட்டியே பையில் போட்டு ஒப்படைக்க வேண்டும். எங்களால் செய்ய முடிந்ததெல்லாம் பார்ப்பதுதான்.

சைக்கிள் பாதை ஒரே சாலையில் சுற்றிச் சுற்றி வருவது. சரசக்கா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார், மடியில் தயிர்சாத டப்பா. முதல் சுற்றில் அண்ணன் வந்தபோது டப்பாவைத் திறந்தார், ஆனால் கை வாய்க்குப் போகவில்லை. எத்தனை வருஷப் பழக்கம். அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பாட்டிலைத் தொடவில்லை.  அடுத்த சுற்றுக்குள் அக்கா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். தூரத்தில் அண்ணனின் நீலச் சட்டை தெரிந்ததும் ஒரு பெரிய கவளம் எடுத்து, எல்லோரும் பார்க்க, வாயில் போட்டுக்கொண்டார். கன்னம் உப்பியிருந்தது. அண்ணன் ஒரு கணம் பார்த்தார். கை தானாகப் பாட்டிலுக்குப் போனது.

அதற்குப் பிறகு சுற்றுக்கு ஒரு வாய். பக்கத்தில் நின்ற தன்னார்வலர் பெண், இந்த அம்மா காலையிலிருந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களே என்று என்னிடம் கேட்டாள். அவருக்கும் இன்று போட்டி என்றேன். மத்தியானத்துக்கு மேல் அக்காவே கத்த ஆரம்பித்துவிட்டார்: "யோவ், சீக்கிரம் முடிச்சுத் தொலை, எனக்கு வயிறு வெடிச்சிரும்."

ஓட்டத்தின் பாதியில்தான் நாங்கள் பயந்த இடம் வந்தது. எங்களுக்கு எதிரே, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணன் குனிந்து நின்றார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. போன முறை இப்படித்தான் தொடங்கியது. என் கணவர் ஓடப் போனார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். யாரும் தொடக் கூடாது. அக்கா எழுந்து நின்றார். ஒரு வாழைப்பழத்தை எடுத்து, நிதானமாக உரித்து, அண்ணனைப் பார்த்துக்கொண்டே கடித்து மென்றார். அவசரமே இல்லை. நான் உள்ளுக்குள் துஆ செய்து வேண்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் இன்னும் குனிந்தார். பிறகு சாலைக்கே கேட்கும்படி ஓர் ஏப்பம் விட்டார். நிமிர்ந்தார். இடுப்புப் பையிலிருந்து ஒரு பேரீச்சையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, முதலில் நடந்து, பிறகு ஓடினார்.

நேரம் முடிவதற்கு முன்னால் வந்து சேர்ந்தார். எத்தனையாவது என்று எனக்குத் தெரியாது, நாங்கள் கேட்கவும் இல்லை. பதக்கத்தைக் கழற்றி அக்கா கழுத்தில் போட்டுவிட்டு, "துன்னது இவ. நான் சும்மா ஓடினேன்" என்றார். அக்கா அவர் வியர்வையை முந்தானையால் துடைத்தார். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பெற்ற அன்று வந்ததற்கு அடுத்தது அதுதான்.

போன வருஷம் அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். ஓட்டம் நின்றது. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் மிதந்துவிட்டு வருவார். அவர் பயந்தது சாவுக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் குழாய் செருகி, வாயில் ஒன்றும் படாமல், அக்காவை வெளியே பெஞ்சில் காத்திருக்க வைத்துப் போவதற்குத்தான் பயந்தார். அப்படி நடக்கவில்லை; மாடியில் எனக்கு வந்த மூச்சு அதற்குத்தான். சாவு வீட்டில் ஓர் உறவுக்காரர், இந்த வயசுல ஓடினா இப்டித்தான் என்று முனகியபோது அக்கா திரும்பிப் பார்த்தார். "நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல துன்ன ஆரம்பிச்சதே அவரு ஓடினதுக்கப்புறம்தான்" என்றார். 

எனக்கு அண்ணன் விட்டுப்போனது என்ன என்று கேட்டால், அது என் வீட்டு மத்தியானம். முதல் ஷிப்டு முடிந்து என் கணவர் வந்து சேர மூன்று மணி ஆகும். கல்யாணமான நாளிலிருந்து அவருக்காக மூடிவைத்துவிட்டு நானும் காத்திருப்பேன். அதை ஒரு நன்மையாகவே கணக்கில் வைத்திருந்தேன். அந்தப் போட்டிக்குப் பிறகு, மதிய லுஹர் தொழுததும் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறேன். முதல் நாள் அவர் வாசலிலேயே, "நீ சாப்ட்டியா?" என்றார். ஆச்சு என்றேன். நம்பாமல் சமையலறையில் எட்டி என் தட்டு கழுவி வைத்திருப்பதைப் பார்த்தார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் மறுசோறு கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.