வாய் நிறைய மல்லாட்டை

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு லாரி கிளீனர், அறுவடை இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போகிற எடுபிடி, பரோட்டா மாஸ்டர். எங்கேயும் நிலைத்ததில்லை. தூக்கம் லாரிக்கு அடியிலோ கடை பெஞ்சிலோதான். மழை பெய்தால் கொஞ்சம் சிரமம், மற்றபடி குறையில்லை. நாற்பதைத் தாண்டியதும் முதுகுதான் முரண்டு பிடித்தது. உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது உண்டா என்று விசாரித்தபோது, விழுப்புரத்தில் சமரசர் பயிற்சி நடப்பதாகச் சொன்னார்கள். கோர்ட்டுக்குப் போகுமுன் சண்டைக்காரர்களைப் பேசவைத்து, தீர்த்து அனுப்புகிற ஆள். படிப்பு முக்கியமில்லையாம். தேறினால் திண்டிவனத்தில் ஓர் அறை, ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன். அந்த ஃபேனுக்காகத்தான் சேர்ந்தேன்.

பயிற்சி கொடுத்தவர் ஒரு பெண் வக்கீல். முதல் நாளே சொல்லிவிட்டார்.

“நீங்க நாட்டாமை இல்லீங்க. தீர்ப்பு சொல்லக் கூடாது, யோசனையும் சொல்லக் கூடாது. கேள்வி கேளுங்க, காது குடுங்க. முடிவு அவங்க வாயிலேர்ந்துதான் வரணும்.”

எனக்கோ வாய்தான் சொத்து. பயிற்சிக்காக எங்களுக்குள்ளேயே நடித்துச் சண்டை போட்டோம். கெடார் கிராமத்து விவசாயி ஒருவர் பெண்டாட்டி வேஷம் கட்டினார். அவர் மூக்கைச் சிந்த ஆரம்பிக்கும் முன்பே, “கொஞ்ச நாள் உங்கம்மா வூட்ல இருந்துட்டு வாம்மா, சரியாயிடும்” என்று நான் முடித்துவிட்டேன். ஹாலே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

“கடைசித் தேர்வுல நிஜமான ஆளுங்க வருவாங்க. அங்கயும் இப்படிச் சொன்னீங்கன்னா பாஸ் போட மாட்டேன்.”

வந்தவர்கள் கிளியனூர்ப் பக்கத்து அண்ணன் தம்பி. பெயர் சொல்லக் கூடாது என்பதும் பாடத்தில் உண்டு; கதையைச் சொல்ல மட்டும் இருவரும் சம்மதித்தார்கள். திருவிழாவில் மாதா தேர் அவர்கள் வீட்டு வாசலில் நின்று, மாலை வாங்கிக்கொண்டு நகர்வது வழக்கம். வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்ததும் வாசல் இரண்டாகிவிட்டது. தேர் யார் வாசலில் நிற்பது?

அவர்கள் உட்காருவதற்குள் விடை என் நாக்கில் வந்து நின்றது: சுவருக்கு நேராக நிறுத்துங்கள்! மூலையில் மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மல்லாட்டைப் பொட்டலம், ஓட்டோடு வேகவைத்த வேர்க்கடலை, கையில் இருந்தது. உரித்து உரித்து வாயை அடைத்தேன்.

தம்பி முறைத்தார். “இன்னா சார், எங்கண்ணன் கொல்லை மல்லாட்டையா? அந்தப் பக்கம் சாஞ்சிட்டீங்களா?”

நிறைந்த வாயோடு இல்லையென்று கையை ஆட்டினேன். “பஸ் ஸ்டாண்டு சரக்குங்க, ரெண்டு பேருக்கும் பொது” என்றார் மேடம். பொட்டலத்தை நடுவில் தள்ளினேன். சண்டை போட்டுக்கொண்டே இருவரும் உரிக்கத் தொடங்கினார்கள்.

“செவுத்துக்கு நேரா நிறுத்தலாம்னு மாதா கோயில் சாமியார் சொன்னாருங்க. அப்ப யார் வாசலுக்கும் வராம போயிடும், ரெண்டு பேருக்கும் பேஜாரு” என்றார் அண்ணன்.

என் அருமையான யோசனை மல்லாட்டையோடு தொண்டைக்குள் இறங்கியது. வாய் காலியானதும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “தேர் வாசல்ல நின்னா நீங்க இன்னா பண்ணுவீங்க?”

“மாலை போடுவேன்” என்றார் தம்பி. “வூடு ஒண்ணா இருந்தப்ப ஒரு வருஷமாச்சும் போட வுட்டாரா? எப்பவும் அவரேதான். நான் கூட்டத்தைத் தள்ளிக்கினு நிப்பேன்.”

அண்ணன் உரிப்பதை நிறுத்தினார். “மாலைதான் வோணுமா? அத்தச் சொல்றதுக்கு இன்னாடா? என் வாசல்ல நிக்கட்டும், நீ போடு.”

“வருஷா வருஷமும்?”

“போட்டுக்கோ. மெழுகுவத்தி நான் ஏத்துவேன்.”

“ஏத்திக்கோ, யாரு வாணாங்கறது?”

கையெழுத்தானது. “பாஸ்” என்றார் மேடம். “ஆனா எல்லாக் கேசுக்கும் மல்லாட்டை கிடைக்காதுங்க.”

எழுந்தபோது தரையெல்லாம் மல்லாட்டை ஓடு.

“நீதான்டா நெறைய தின்னே, நீ பெருக்கு.”

“நீதான் கீழ போட்டுக்கினே இருந்த.”

ஆளுக்குப் பாதி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேடம் திரும்பிப் பார்த்தார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.