பின்பக்கக் கேட்டு வழியாக வந்த அக்கா

ஓராண்டுக்கு முன் எங்களை விட்டுப் பிரிந்த அக்காவைப் பற்றி நினைவஞ்சலிக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள் வீட்டில். அவரிடம் நல்லதற்குப் பஞ்சமில்லை. எழுதுகிற எனக்குத்தான் கூசுகிறது.

அக்கா பிறந்தது காடாம்புலியூரில். அப்பா சீக்கிரமே போய்விட, அம்மாவோடு முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டே நர்ஸிங் படித்தார். வடலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து என்னையும் படிக்க வைத்தார். எனக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலையும் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸும் கிடைத்தன. கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட அக்கா எங்களோடு வந்து தங்கினார்.

கொரோனா வந்தது. கவச உடையை மாட்டினால் ஷிப்ட் முடியும்வரை கழற்ற முடியாது என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் போவார். உடன் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகப் படுத்துவிட, அவர்கள் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தார். அப்படி ஒருநாள் மருத்துவமனை வேனில் திரும்பிக்கொண்டிருந்தவரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்: "அக்கா, பிளாக்குல எல்லாரும் ஒரு மாதிரி பேசறாங்க. இனிமே பின்பக்க கேட்டு வழியா வந்துடு."

"சரிடா" என்றார். தோட்டத்துக் குழாயில் குளித்து, ஸ்டோர் ரூமில் சாப்பிட்டுப் படுத்தார்.

நோய் அடங்கிய பிறகும் அக்கா பின்பக்கமாகவே வந்தார். முதலில் எனக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க இன்னும் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தேன். அப்படியே வருடங்கள் போயின.

"அத்தை, நீங்க மட்டும் ஏன் பின்னால வரீங்க?" என்று என் மகள் ஒருநாள் கேட்டாள்.

"அத்தைக்கு அதுதாம்மா கிட்ட. பஸ்சு அங்கதான நிக்குது."

பஸ் நிற்பது முன்பக்க ரோட்டில். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் காதில் அது விழுந்தது. தாளைப் புரட்டினேன்.

போன வருடம் பணியிலேயே நெஞ்சுவலி வந்து அக்கா காலமானார். உடன் வேலை செய்த பெண்களே குளிப்பாட்டி, புடவை கட்டி, வேனில் கொண்டுவந்தார்கள். வேன் எங்கள் வாசலைத் தாண்டிப் பின்பக்கச் சந்துக்குத் திரும்பியது. பதறி ஓடி நிறுத்தினேன்.

"நைட் ஷிப்ட் முடிஞ்சு வேன்ல வந்தா அக்கா எப்பவும் இங்கதாங்க எறங்குவாங்க" என்றார் கூட வந்த நர்ஸ்.

அவரைத் தாங்கி வந்த அந்தச் சகோதரிகளுக்கும், கடைசிவரை கூட நின்ற உறவினர்களுக்கும், பிளாக்கில் உள்ளவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது நன்றிகூட இல்லை. "முன்னால வாக்கா" என்ற இரண்டு வார்த்தைதான். அதை அன்று வேனை வாசலுக்குத் திருப்பி வரச் சொல்லி, முன் கேட்டின் இரண்டு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு சொன்னேன்.